செராமிக் கோட்டிங் 8 மாதத்தில் போய்விடுமா? அவசரம்

பாளை கறுப்பு:
அண்ணாச்சிமாரே, நாளைக் காலையில் கடைக்குச் சண்டைக்குப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். 8 மாதத்துக்கு முன்னால் 22,000 ரூபாய் கொடுத்து என் கறுப்புக் காரின் பெயின்டுக்கு மேலே செராமிக் கோட்டிங் போட்டேன். 5 வருடம் நிற்கும் என்றார்கள். புதிதில் தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையில் உருளுவது போல உருண்டு ஓடியது. இப்போது அப்படியே படர்ந்து நிற்கிறது, ஓட மாட்டேன் என்கிறது. வெள்ளைப் புள்ளி வேறு. கோட்டிங் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை:
எந்தக் கோட்டிங்? எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? வண்டி வெயிலில் நிற்கிறதா, ஷெட்டிலா? கடைசியாக எப்போது மெயின்டனன்ஸ் கொடுத்தீர்கள்? ஒன்றுமே சொல்லாமல் சண்டைக்குப் போகிறேன் என்றால் எப்படி?

வள்ளியூர் காற்று:
காரணம் தெரிந்ததுதான். ஆனி, ஆடி காற்று. எங்கள் பக்கம் வந்து பாருங்கள், காற்றாலை சுற்றுகிற வேகத்துக்குப் புழுதி வண்டி மேல் ஒரு சுற்று உட்கார்ந்துவிடும். திசையன்விளைப் பக்கம் போனால் தேரி மண், செக்கச்செவேல் என்று. அதை மேலேயே வைத்துக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். கோட்டிங் தேய்ந்துவிட்டது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டை டாக்ஸி:
22,000 ரூபாயா! அந்தக் காசுக்கு நான் நாலு டயர் மாற்றி மிச்சத்துக்கு அல்வா வாங்கியிருப்பேன். வருடத்துக்கு இரண்டு தடவை வாட்டர் சர்வீஸில் விட்டு, டீசலில் துணியை நனைத்து ஒரு துடை. என் வண்டி பளபளக்கிறது. 11 வருடம் ஆகிறது.

மைக்ரான் அண்ணாச்சி:
மாதம் ஒரு தடவை இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன், கவனமாகப் படிக்கவும்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா கலந்த திரவம். காய்ந்த பிறகு அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதற்குக் கீழே, பெயின்டுக்கு மேல் கம்பெனி போட்டு அனுப்பிய நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், சுமார் 40, 50 மைக்ரான் இருக்கும். கல் அடித்தால் தாங்கும் என்று நினைப்பவர்கள் பிபிஎஃப் போடட்டும், அது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் தோல். ‘9ஹெச்’ என்று டப்பாவில் போட்டிருப்பது பென்சிலை வைத்துக் கடினத்தை அளக்கிற அளவு. 6பி முதல் 9ஹெச் வரை பென்சில்களை வைத்துக் கீறிப் பார்க்கிற சோதனை. வைரத்தை அளக்கிற மோஸ் அளவு அல்ல. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் காசைக் கொடுத்துவிட்டு அப்புறம் அழுகிறார்கள்.

மெழுகு சில வாரம் நிற்கும், செயற்கை மெழுகு மாதிரியான சீலன்ட் சில மாதம், நல்ல செராமிக் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2 முதல் 5 வருடம். ‘ஒழுங்காக’ என்ற சொல்லை இரண்டு தடவை படிக்கவும். பேட்டைக்காரரே, டீசல் பளபளப்பு வெறும் எண்ணெய்ப் படலம். இரண்டே நாளில் புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். கதவு ரப்பரையும் ஊற வைத்துக் கெடுக்கும்.

பேட்டை டாக்ஸி:
என் ரப்பர் நன்றாக இருக்கிறது அண்ணாச்சி. உங்கள் வண்டி கிலோமீட்டர் எவ்வளவு?

கேடிசி நகர்:
தம்பி, வண்ணார்பேட்டைக்காரர் கேட்டதற்கு முதலில் பதில் சொல். தண்ணீர் எது? போரா, ஆற்றுத் தண்ணீரா?

பாளை கறுப்பு:
சாதாரணத் தண்ணீர்தான் அக்கா. வண்டி அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும், மேலே கூரை கிடையாது. பக்கத்தில் ஒரு வேப்பமரம்.

வண்ணார்பேட்டை:
‘சாதாரணத் தண்ணீர்’ என்று ஒன்று நம் ஊரில் கிடையாது தம்பி. ஆற்றுத் தண்ணீர் உண்டு, உப்புத் தண்ணீர் உண்டு.

அம்பை ஆத்தங்கரை:
அப்படிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மருந்து தாமிரபரணிதான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஆற்றில் இறக்கி நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். புள்ளி எதுவும் வராது. நான் 6 வருடமாக அப்படித்தான் செய்கிறேன். கோட்டிங்காவது ஒன்றாவது.

கொக்கிரகுளம்:
வண்டியை ஆற்றில் இறக்கியா? அந்தத் தண்ணீரை நாங்கள் குடிக்கிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற வரைக்கும் வழி நெடுக ஊர்கள் அதைத்தான் குடிக்கின்றன. ஷாம்பூவும் கிரீஸும் எங்கள் பானைக்குத்தான் வரும்.

அம்பை ஆத்தங்கரை:
எருமை குளிக்கலாம், கார் குளிக்கக் கூடாதா?

கொக்கிரகுளம்:
எருமைக்கு ஆயில் ஒழுகாது.

வள்ளியூர் காற்று:
எருமை வேறு சில ஒழுக்கும்.

அம்பை ஆத்தங்கரை:
நான் ஷாம்பூ போடுவதே கிடையாது. ஊர்ச் சாக்கடை மொத்தமும் ஆற்றில் விழுகிறது, அதைக் கேட்க ஆள் இல்லை, என் ஒரு வண்டிதான் கண்ணை உறுத்துகிறதா?

கொக்கிரகுளம்:
சாக்கடையையும் கேட்போம், உங்களையும் கேட்போம். வேண்டும் என்றால் இரண்டு குடம் மோந்து கரைக்கு மேலே கொண்டுபோய்க் கழுவுங்கள். யார் வேண்டாம் என்றது?

மைக்ரான் அண்ணாச்சி:
இழை கோட்டிங் பற்றியது என்பதை நினைவூட்டுகிறேன்.

மேலப்பாளையம் ஒர்க்‌ஷாப்:
புள்ளிதானே பிரச்சினை? பாத்ரூம் டைல்ஸுக்குப் போடுகிற ஆசிட்டில் நாலு பங்கு தண்ணீர் கலந்து ஒரு இழுப்பு இழுங்கள், போய்விடும். நான் பஸ் கண்ணாடிக்குச் செய்திருக்கிறேன்.

கேடிசி நகர்:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே தம்பி. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். குரோம், அலுமினியம் பட்டால் அரித்துவிடும். கையும் மூச்சும் கெடும். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைந்திருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அங்கேயே படியும். சுடுதண்ணீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே சங்கதி. கறுப்பு வண்டி வெயிலில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், இன்னும் சீக்கிரம் காயும். கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது என்று எல்லாருக்கும் ஒரு பெருமை. ஆனால் அந்த முத்தைத் துடைக்காமல் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டம். நாளாக நாளாக உப்பு கோட்டிங்குக்கு மேலே ஒரு போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். தண்ணீர் தொடுவது அந்தப் போர்வையைத்தான், கோட்டிங்கை அல்ல. பிறகு எங்கே உருளும்? அதனால் உருளவில்லை என்பதை மட்டும் வைத்துக் கோட்டிங் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அடைத்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

சோதிப்பது எளிது. மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, பேட்டரி கடையில் விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பங்கு. வண்டியை முதலில் கழுவி மண்ணைப் போக்கிவிடு. சாயங்காலம் நிழலில், பானெட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு சாண் இடத்தில் மட்டும் துணியை நனைத்துப் போட்டு ஒரு நிமிடம் வை. காய விடாதே. எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு மேலே தண்ணீர் தெளித்துப் பார். உருண்டால் கோட்டிங் உயிரோடு இருக்கிறது.

மைக்ரான் அண்ணாச்சி:
அம்மா சொல்வது சரிதான், ஆனால் முழுமை இல்லை. இரும்புத் துகளும் படிந்திருக்கலாம், அதற்கு அயர்ன் ரிமூவர் அடிக்க வேண்டும், ஊதா நிறமாக மாறும். புள்ளி கிளியர் கோட் வரை அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் வினிகருக்குப் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும். பாலிஷ் போட்டால் கோட்டிங்கும் சேர்ந்து போகும். வேப்பம்பழம் தின்கிற காக்கா, மைனா எச்சத்தையும் மறக்க வேண்டாம். அது அமிலம். அன்றைக்கே ஈரத்துணி போட்டு ஊற வைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது.

கேடிசி நகர்:
முழுமையாக்கியதற்கு நன்றி சார். தம்பி, யார் வண்டியைக் கழுவுவது? எதை வைத்து?

பாளை கறுப்பு:
வாட்ச்மேன் தாத்தா தினமும் காலையில் துடைத்துவிடுவார். வாரம் ஒரு நாள் கழுவுவார். துணி சோப்புத் தூள்தான் என்று நினைக்கிறேன். உப்புத் தண்ணீர் இல்லை அக்கா, நான் கேட்டுவிட்டேன். ஆர்ஓ தண்ணீர்தான். மெஷினில் இருந்து வேஸ்டாக வெளியே போகிறதே, அதை டிரம்மில் பிடித்து வைத்துக் கழுவுகிறார். தண்ணீர் வீணாகக் கூடாது என்று அசோசியேஷனில் சொன்னது.

வண்ணார்பேட்டை:
ஐயோ.

கேடிசி நகர்:
தம்பி, ஆர்ஓ மெஷின் உப்பைப் பிரித்து எங்கே தள்ளும் என்று நினைத்தாய்? நல்ல தண்ணீர் உன் சொம்புக்கு, போரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து அந்த வேஸ்ட் தண்ணீருக்கு. போர் தண்ணீரைவிட அது மோசம். ஆர்ஓ சர்வீஸுக்கு வருகிற பையனிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் இருக்கும், டிரம்மில் விட்டுப் பார்க்கச் சொல். குடிக்கிற தண்ணீருக்கே லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர அளவு. அந்த வேஸ்ட் தண்ணீரை வராண்டா கழுவ, டாய்லெட்டுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம். காருக்கு வேண்டாம்.

கழுவ ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் இரண்டு வாளி பிடித்து வைத்தால் போதும். ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்று தேய்த்துக் கழுவுகிற கையுறையை அலச. சோப்புத் தூள் காரம், கோட்டிங்குக்கு ஆகாது. கழுவி முடித்ததும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் போடாதே, பிறகு தண்ணீர் உறிஞ்சாது.

வள்ளியூர் காற்று:
தினமும் காய்ந்த துணியால் துடைத்தாரா இல்லையா? நான் முதலிலேயே சொன்னேன். காற்று.

வண்ணார்பேட்டை:
கடைக்குப் போகும் முன் வாரண்டி அட்டையின் பின்பக்கம் படியுங்கள். 5 வருடம் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டு, 6 மாதத்துக்கு ஒரு தடவை அவர்களிடமே காசு கொடுத்து மெயின்டனன்ஸ் செய்தால்தான் செல்லும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு 8 மாதம் ஆகிவிட்டது. சண்டையை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டை டாக்ஸி:
ஆக 22,000 ரூபாய் கொடுத்து, அதற்கு மேல் ஷாம்பூ, துணி, வினிகர், பேட்டரி தண்ணீர், 6 மாதத்துக்கு ஒரு மெயின்டனன்ஸ். கோட்டிங் வண்டியைப் பாதுகாக்கிறதா, நாம் கோட்டிங்கைப் பாதுகாக்கிறோமா?

மைக்ரான் அண்ணாச்சி:
டீசல் அடிக்கிறவருக்கு இது புரியாது.

கொக்கிரகுளம்:
அம்பைக்காரர் எங்கே? பதில் சொல்லாமல் போய்விட்டார்.

அம்பை ஆத்தங்கரை:
ஆற்றில் இருக்கிறேன். எருமை குளிப்பாட்டுகிறேன்.

(9 நாள் கழித்து)

பாளை கறுப்பு:
எல்லாருக்கும் நன்றி. வினிகர் போட்டேன். பானெட், கதவில் தண்ணீர் உருளுகிறது. ரூஃபில் உருளவில்லை, கொஞ்சம் புள்ளியும் போகவில்லை. கடைக்குப் போனேன், அட்டையில் வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொன்ன மாதிரியேதான் இருந்தது. சண்டை போடவில்லை. ரூஃபுக்கு மட்டும் பாலிஷ் போட்டு மறுபடி கோட்டிங் என்று 3,500 கேட்கிறார்கள். தாத்தாவுக்கு ஷாம்பூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வண்ணார்பேட்டை:
நல்லது. அது என்ன கோட்டிங் என்று கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?