மெயின் மீட்டர் ஒண்ணு சொல்லுது, சப்-மீட்டர் எல்லாம் சேர்ந்து வேற சொல்லுது – உதவுங்க

வணக்கம். சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ் கட்டிடம், லீட் வி4 (பசுமைக் கட்டிட) சான்றிதழுக்குப் போறோம். லாரித் தண்ணி சம்ப்ல இறங்குற குழாயில மெயின் மீட்டர். மாடித் தொட்டி, கூலிங் டவர் (ஏசி சூட்டைத் தணிக்கிற கோபுரம்), தோட்டத்துக்குத் தனித்தனி மீட்டர். மூணையும் கூட்டினா மெயினைவிடக் கால்வாசி குறையுது. ஒழுகல் எதுவும் கண்ணுல படல. சொட்டுநீர் ஓடும்போது தோட்டத்து மீட்டர் அசையவே மாட்டேங்குது. மாத்திடலாமா?

பதில் 1
அவசரப்பட்டுக் கழட்டாதீங்க சார். தோட்டத்து மீட்டர் என்ன சைஸ்?

கேட்டவர்
குழாய் 50 மி.மீ., மீட்டரும் அதேதான். மீட்டர்ல ஆர்80னு போட்டிருக்கு.

பதில் 1
அப்போ மீட்டர் பழுதாகல, பெருசா இருக்கு. 50 மி.மீ.க்கு க்யூ3, அதாவது மீட்டர் தொடர்ந்து தாங்குற அதிகபட்ச ஓட்டம், பொதுவா மணிக்கு 25 கன மீட்டர். அதை ஆர் எண்ணான 80-ஆல வகுத்தா க்யூ1, அதாவது சரியா அளக்கக்கூடிய குறைஞ்சபட்ச ஓட்டம், மணிக்கு சுமார் 312 லிட்டர். அதுக்குக் கீழ ஓடுறதை நம்பி அளக்க முடியாது. மணிக்கு 2 லிட்டர் சொட்டுற டிரிப்பர் நூறு இருந்தாலும் 200 லிட்டர்தானே? 20 மி.மீ. (க்யூ3 4 கன மீட்டர்) போட்டா 50 லிட்டர்லேர்ந்தே பிடிக்கும். எல்லா வால்வும் சேர்ந்து திறந்தா எவ்வளவு ஓடும்னு மட்டும் பார்த்துக்கோங்க. லீட்ல தோட்டத்தை சப்-மீட்டர் கணக்குல காட்டணும்னா, தண்ணி பாயுற பரப்புல 80 சதவீதமாவது அதுக்குள்ள வரணும்.

பதில் 2
தோட்டம் மட்டுமே கால்வாசி குடிக்காதுங்க. எனக்கு மெயின் மீட்டர் மேலதான் சந்தேகம். லாரியிலேர்ந்து தானா சரிஞ்சு வர்ற தண்ணி குழாயை நிறைக்காது. காத்தும் சேர்ந்து சக்கரத்தைச் சுத்தும், மீட்டர் கூடுதலா காட்டும். பம்பையெல்லாம் நிறுத்திட்டு ஒரு லாரி இறக்குங்க. சம்ப் நீளம், அகலம், மட்டம் ஏறின உயரம், மூணையும் பெருக்கி மீட்டரோட ஒப்பிடுங்க.

இன்னொண்ணு: எஸ்டிபி தண்ணி (கழிவுநீரைச் சுத்திகரிச்சு வர்றது) பத்தாதப்போ கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்கு சம்ப்லேர்ந்து நேரா லைன் இருக்கா? பல கட்டிடத்துல அந்த பைபாஸ்ல மீட்டரே இருக்காது.

கேட்டவர்
ரெண்டுமே இருக்குங்க! சம்ப் கணக்கைவிட மீட்டர் கூடத்தான் காட்டுது. பைபாஸ் வால்வு பாதி திறந்தே கிடந்தது. லாரித் தண்ணி ஏதோ ஒரு ஊர்க் கிணத்துலேர்ந்து வருது. அதை வச்சு ஃப்ளஷ் பண்ணிட்டிருந்தோம்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. மெயின் மீட்டரை என்ன பண்றது?

பதில் 2
குழாயை யூ மாதிரி கீழ இறக்கி, அந்த அடிப்பகுதியில மீட்டரைப் படுக்கையா வைங்க, எப்பவும் நிறைஞ்சே இருக்கும். பைபாஸ்க்கும் ஒரு மீட்டர் போடுங்க. ஆனா ஃப்ளஷ் தொட்டிக்கு வர்ற எஸ்டிபி தண்ணியை மெயின் கணக்கோட கூட்டாதீங்க, அது ஏற்கனவே ஒருதரம் அளந்த தண்ணி.