இலங்கை றக்பி பிறந்தது எங்கே?

கண்டியான்: 'இலங்கை றக்பியின் தாய்வீடு கொழும்பு' என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புத்தான் வந்தது. 1891இல் பிளேஸ் என்பவர் கண்டியில் தொடங்கிய பள்ளிக்கூடம், இன்றைய கிங்ஸ்வூட், அதுதான் பிள்ளைகள் கையில் அந்த முட்டைப் பந்தைக் கொடுத்தது.

கோட்டைவாசி: எழுதியவன் நான்தான். கொழும்பு புட்போல் கிளப், பேர்தான் புட்போல், ஆடியது றக்பி, தொடங்கியது 1879. பன்னிரண்டு வருடம் முந்தி. கழித்தல் கணக்கு வருமா?

கண்டியான்: துரைமார் தங்களுக்குள் உருண்டு புரண்டதெல்லாம் நம் கணக்கில் வராது தம்பி.

கோட்டைவாசி: சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். அந்தப் பள்ளிக்கூடம் திறந்த அன்று மொத்தப் பிள்ளைகள் 11 பேர். றக்பி அணிக்கு 15. மிச்ச நாலு பேர் யார், பிளேஸ் ஐயாவும் காவல்காரனுமா?

கண்டியான்: அது திறந்த அன்று. அப்புறம் யாரும் சேரவே இல்லையா?

கோட்டைவாசி: சேரட்டும். பள்ளிகளுக்கிடையிலான முதல் ஆட்டமே 1906இல்தான், கிங்ஸ்வூட்டும் கண்டியின் இன்னொரு பள்ளியான திரினிட்டியும். அதுவரை யாரோடு மோதினார்கள், மதிலோடா?

மலையகத்தாள்: அந்த ஆட்டம் 6-6 சமநிலை. அது இருக்க, 'ரக்பி'யா 'றக்பி'யா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கோட்டைவாசி: பேச்சை மாற்றாதீர்கள். 11 பேர்.

பழையமாணவன்: 1945இல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரினிட்டியும் மோதும் பிராட்பி கேடயம் வந்த பிறகுதானே ஊரே றக்பி பார்த்தது? கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று, இரண்டு ஆட்டப் புள்ளியும் கூட்டித்தான் கேடயம். றோயல்-திரினிட்டி பார்க்காதவர்கள் இதில் பேச வேண்டாம்.

கண்டியான்: கேடயம் கொடுத்தவர் றோயல் அதிபர் என்றதும் பங்கு கேட்டு வந்துவிட்டார். போன வருடம் கிரிக்கெட் திரியிலும் பாதியில் புகுந்து பாதியில் காணாமல் போனவர்தானே?

பழையமாணவன்: மகளுக்குக் காய்ச்சல் ஐயா. அப்போதே சொன்னேன்.

கோட்டைவாசி: காய்ச்சல் கிடக்கட்டும். 11 பேர்!

கண்டியான்: கண்டிக் கழகத்தின் நித்தவலை மைதானத்தில் மழைச் சேற்றில் கொழும்புக் கழகங்கள் சறுக்கி விழுந்து, வாயிலிருந்து புல்லைத் துப்பிக்கொண்டு எழும்பியதை வேலி ஓரம் நின்று பார்த்தவன் நான். தொண்ணூறுகளிலிருந்து கண்டிக் கழகத்திடம் வாங்கிய அடி இன்னும் எரிகிறது போல.

கோட்டைவாசி: பிறந்த வீட்டைக் கேட்டால் புகுந்த வீட்டு நகையைக் காட்டுகிறார். 11, 15. விரல் விட்டு எண்ணுங்கள்.

மலையகத்தாள்: விரல் பத்துத்தான் இருக்கிறது.

கண்டியான்: நாளைக்குப் பழைய பள்ளி மலரைப் படம் பிடித்துப் போடுகிறேன். அப்போது பேசுங்கள்.

கோட்டைவாசி: போன மாதமும் இதையேதான் சொன்னீர்கள்.