இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள்: லினக்ஸ் எதை முதன்மை என்று எடுத்துக்கொள்கிறது?

தெம்பனீஸ் மீனா:
வணக்கம். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய ரேடியான் கார்டை வீட்டுக் கணினியில் பொருத்தியிருக்கிறேன். செயலியிலேயே இன்டெல் கிராஃபிக்ஸும் உண்டு. தைப்பூசம், தீமிதிக் காணொளிகளைத் தொகுப்பதற்கான கணினி இது. மானிட்டர் கேபிள் ரேடியானில்தான் இருக்கிறது. ஆனாலும் உபுண்டு லினக்ஸின் திரைச்சூழலான க்னோம், இன்டெலை வைத்தே வரைகிறது. ரேடியான் ஒருநாள் கார்டு0, மறுநாள் கார்டு1. கணினியை இயக்கினால் மதர்போர்டின் சின்னம்கூடத் தெரிவதில்லை, நேராக லாகின் திரைதான். எது முதன்மை என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

ஈசூன்வாசி:
மீனா, சின்னம் தெரிவதில்லை என்றீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. கார்டு0, கார்டு1 எண்களை மறந்துவிடுங்கள். எந்த டிரைவர் முந்திப் பதிவாகிறதோ அதற்குச் சிறிய எண், அவ்வளவுதான்.

முதன்மையைத் தேர்ந்தெடுப்பது பயாஸ், அதாவது கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள். லினக்ஸ் அதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்கிறது. பயாஸின் இன்றைய வடிவமான யுஇஎஃப்ஐ, தன் சின்னத்தை வரைந்த நினைவகப் பரப்பின் முகவரியை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் கொடுத்துவிட்டுப் போகும். கெர்னலில் முதன்மைக் கார்டை முடிவுசெய்யும் பகுதியான விஜிஏ ஆர்பிட்டர், அந்த முகவரி எந்த பிசிஐ கார்டின் (பிசிஐ என்பது கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் வழி) எல்லைக்குள் வருகிறது என்று பார்க்கும். அதுவே முதன்மை. அப்படி எதுவும் பொருந்தாதபோது பழைய வழி: 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்ற திரைத் தரம், நினைவகத்தில் 640 கேபிக்கு மேலுள்ள 128 கேபி இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. எல்லா விஜிஏ கார்டுகளுக்கும் அதே முகவரிதான் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் அங்கே பதில் சொல்ல முடியும். பயாஸ் எந்தக் கார்டுக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைக் கெர்னல் பார்க்கிறது. நாற்பது ஆண்டை நெருங்கும் ஏற்பாடு இன்றும் வேலை செய்வது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

முடிவு, கெர்னல் தன் தகவல்களைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் அந்தந்தக் கார்டின் கீழ் 'பூட்_விஜிஏ' என்ற கோப்பில் இருக்கும். முதன்மைக் கார்டில் 1, மற்றதில் 0. க்னோமும் இதைப் படிக்கிறது. உங்கள் இன்டெல் 00:02.0 என்ற பிசிஐ முகவரியில் இருக்கும். அதில் 1 இருக்கும் என்று நினைக்கிறேன்; சின்னம் கேபிள் இல்லாத இன்டெலுக்குப் போவதால்தான் உங்களுக்குத் தெரிவதில்லை. பயாஸில் முதன்மைத் திரை என்ற அமைப்பைத் தேடி, இன்டெலிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு மாற்றுங்கள்.

உட்லண்ட்ஸ் ராஜா:
ஈசூன்வாசி அண்ணன் சொன்னதோடு ஒன்று: மாற்றும்போது இன்டெல் கிராஃபிக்ஸை முழுவதும் அணைத்துவிடாதீர்கள். காணொளியைச் சுருக்குவதற்கு அதிலுள்ள குவிக் சிங்க் கைகொடுக்கும். முதன்மைத் திரைக்கான அமைப்பு வேறு, உள்ளமைந்த கிராஃபிக்ஸை இயங்க விடும் அமைப்பு வேறு. ஸ்கிரிப்டில் கார்டைக் குறிப்பிட நேர்ந்தால் கார்டு எண்ணை எழுதாமல், கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான டிஆர்ஐ கோப்பகத்தின் 'பை-பாத்' இணைப்புகளைப் பயன்படுத்துங்கள். அவை பிசிஐ முகவரியைக் கொண்டு பெயரிடப்படுபவை. டிரைவர் வரிசை மாறினாலும் அவை மாறாது.

தெம்பனீஸ் மீனா:
இன்டெலில்தான் 1 இருந்தது. பயாஸில் மாற்றியதும் சின்னம் வந்துவிட்டது, ரேடியானின் பூட்_விஜிஏ இப்போது 1. ஆனால் அதன் பிசிஐ முகவரி நான் எதிர்பார்த்த 01:00.0 இல்லை, 03:00.0 என்கிறது. கார்டைச் சரியாகப் பொருத்தவில்லையா?

ஈசூன்வாசி:
சரியாகத்தான் பொருத்தியிருக்கிறீர்கள். புதிய ரேடியான் கார்டுகளுக்குள்ளேயே, ஒரு பிசிஐ வழியை இன்னொன்றோடு இணைக்கும் பிசிஐ பாலங்கள் இருக்கின்றன. 01, 02 எண்களை அவை எடுத்துக்கொள்கின்றன.