புதுப்பிப்பு: கற்பாதையில் கிழிந்த மட்ஃபிளாப்

சென்ற மாதம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாதையொன்றில் ஜீப்பைப் பின்னோக்கி எடுத்தபோது, இடது பின் மட்ஃபிளாப் (சேறு தெறிக்காதபடி ரயருக்குப் பின்னால் தொங்கும் தடுப்பு) கல்லுக்கும் ரயருக்கும் இடையில் அகப்பட்டு, ஜீப்பின் பொடி (வெளி உடற்பகுதி) விளிம்பையும் வளைத்துக்கொண்டு கிழிந்துபோனதை எழுதி, மட்ஃபிளாப்களையே கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தேன்.

கழற்றவில்லை. மழை நாளில் கொழும்பு–காலி வீதியில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் நமது ரயர் சேற்றை வாரியிறைப்பதை என்னால் ஏற்க முடியாது.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தடித்த ரப்பர் வாங்கி நான்கையும் மாற்றினேன். கடின பிளாஸ்டிக் உடையும் இடத்தில் ரப்பர் மடிந்துகொடுக்கும். பின்னிரண்டின் கீழ் விளிம்பில் துளையிட்டு, பித்தளை வளையம் பதித்து, நைலோன் கயிறு கோத்திருக்கிறேன். தார் வீதி முடிந்ததும் கயிற்றை மேலே இழுத்து, பம்பரின் உட்புறக் கொக்கியில் மாட்டிவிட்டால், மட்ஃபிளாப் ரயரை விட்டு விலகிப் பின்புறமாகச் சுருண்டு நிற்கும். சைலன்சர் பக்கத்துக் கயிறு முதல் நாளே சூட்டில் உருகி அறுந்ததால், அங்கு மட்டும் மெல்லிய சங்கிலி போட்டேன்.

மேல் விளிம்பை இரும்பு போல்ட்டுகளால் இறுக்குவதே பெரிய தவறு என்பது இப்போதைய என் முடிவு. நைலோன் போல்ட்டுகளைப் போட்டால், ரயர் இழுக்கும்போது அவை முதலில் முறிந்து பொடியைக் காப்பாற்றும். துளைகள் கிழியாதிருக்க, மேலே ஓர் அலுமினியப் பட்டையையும் வைத்திருக்கிறேன்.

முன்பக்கம் கயிறு கட்ட இடமில்லை. அதனால் முன் மட்ஃபிளாப்களை இரண்டு அங்குலம் வெட்டிக் குறைத்திருக்கிறேன்.