கருணை மதிப்பெண் போடாமல் சொல்லுங்கள்: சிறு குழுக்கள் செய்த வீடியோ விளையாட்டுகளில் உங்கள் அனுபவம் என்ன?

திருவாரூர் (இழையைத் தொடங்கியவர்)

"ஒரே ஆள் உட்கார்ந்து செய்த விளையாட்டு, அதில் போய் குறை சொல்கிறாயே" என்று போன வாரம் ஒரு நண்பர் என் வாயை அடைத்தார். நான் குறை சொன்னது ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டைப் பற்றி. அதில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டவன் நான். பிடிக்காத ஒன்றோடு யாராவது அவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவார்களா?

எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு இது. படம், இசை, வசனம் எல்லாம் அவரே. அந்த உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் நான் டெல்டாக்காரன், அப்பா இன்னும் வயலுக்குப் போகிறவர். ஒருநாள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒரு கிழங்கு என்ன விலை?" என்று கேட்டார். பார்ஸ்னிப் விதை 20 காசு, விளைந்த கிழங்கு 35 என்றேன். "ஆயிரம் கிழங்கு கொண்டுபோய்ப் போட்டால்?" அப்போதும் 35தான். அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அந்த மண்டி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுச் சொல். நாளைக்கே நெல்லை ஏற்றிவிடலாம்."

அவர் சொல்வதுதான் அந்த விளையாட்டின் மிகப் பெரிய ஓட்டை. எவ்வளவு கொட்டினாலும் விலை சரியாது. அதனால் முதல் ஆண்டு வரை இருக்கிற பதற்றம் இரண்டாம் ஆண்டில் ஆவியாகிவிடுகிறது. பிறகு பணத்துக்கு மதிப்பில்லை, பண்ணையை அலங்கரிப்பதுதான் மிச்சம்.

இன்னொன்று மின்வெட்டு. தூங்கப் போனால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். அதன் ஒருநாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். பதின்மூன்றாவது நிமிடத்தில் மின்சாரம் போனால் அன்று பிடித்த மீன், வெட்டிய விறகு எல்லாம் போயிற்று. எங்கள் தெருவில் பலமுறை போயிருக்கிறது.

அப்படியானால் ஏன் ஆடினேன்? மழைக்காக. தொலைக்காட்சியில் "நாளை மழை" என்று அறிவிப்பு வரும். மறுநாள் காலை பூவாளியைத் தொட வேண்டாம், எல்லாப் பாத்தியும் தானாக நனைந்திருக்கும். அந்த ஒரு காலையில் மனத்தில் ஏறும் நிம்மதியை எழுதியவருக்கு விவசாயம் தெரியாவிட்டாலும் விவசாயியின் மனம் தெரிந்திருக்கிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். ஒரே விதி: கருணை மதிப்பெண் கூடாது.

கோவை

குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான், மென்பொருள் சோதனையாளன். அதனால் இந்த இழை எனக்குக் கல்யாணச் சாப்பாடு.

ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து 2017இல் வெளியிட்டது. பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது கிடைத்தது 57,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல். அந்தக் காசில் இவ்வளவு பெரிய பூச்சிகளின் பாதாள உலகமா என்று இன்றும் வியப்பேன்.

அதன் வரைபட விவகாரம்தான் என்னை முதலில் எரிச்சலூட்டியது. ஒரு பகுதிக்குள் நுழைந்தால் வரைபடமே இருக்காது. தரையில் சிதறிக் கிடக்கும் காகிதங்களையும், யாரோ முணுமுணுத்துப் பாடும் ஓசையையும் பின்தொடர்ந்து போனால் கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதிலும் நாம் நிற்கும் இடம் தெரிய வேண்டுமென்றால் திசைகாட்டித் தாயத்து ஒன்றை அணிய வேண்டும். தொடக்கத்தில் தாயத்துகளுக்கு இருப்பது மூன்றே இடம், அதில் ஒன்றை இது பிடித்துக்கொள்ளும். "நான் எங்கே நிற்கிறேன்" என்ற தகவலுக்கு வாடகை கேட்பதா என்று அன்று ஒரு நீண்ட புகார் எழுதினேன்.

இருபது மணி நேரம் கழித்து ஒருநாள் வேறொரு தாயத்துக்கு இடம் வேண்டியிருந்தது. திசைகாட்டியைக் கழற்றினேன், திரும்ப மாட்டவே இல்லை. புது வீட்டுக்குக் குடிபோன புதிதில் இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டவனுக்கு ஆறு மாதத்தில் விளக்கில்லாமலே தண்ணீர்ப் பானை கைக்கு எட்டுமே, அதுபோல. என் புகாரை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆனால் இன்னொரு புகாரை விடமாட்டேன். பெரிய எதிரியிடம் தோற்றால் கடைசியாக உட்கார்ந்த இருக்கைக்குப் போய்விடுவோம். சில இடங்களில் அங்கிருந்து எதிரியின் அறைக்கு நெடுந்தூரம். வழியில் அதே பூச்சிகள், அதே முள். சண்டை ஒரு நிமிடம், நடை இரண்டு நிமிடம். இதைக் கடினம் என்று புகழ்கிறார்கள். பேருந்துக்குக் காத்திருப்பதைப் பயணம் என்று சொல்வதுபோல் இருக்கிறது.

இதே கையோடு செலஸ்டைப் பாருங்கள் (மலையேறும் விளையாட்டு, 2018, அதுவும் சிறு குழுதான்). நூற்றுக்கணக்கான முறை விழுந்திருக்கிறேன், விழுந்த நொடியில் அதே திரையில் நிற்பேன். கோபப்படவே நேரம் தராது. போதாததற்கு, முடியாதவர்கள் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் சாகாமல் ஆடவும் தனி வசதி. இரண்டும் கடினமான விளையாட்டுகள்தான். ஒன்று மட்டும் என் மாலை நேரத்தை மதித்தது.

ஸ்கார்பரோ, கனடா

தம்பிமாரே, வெண்பா என்ற விளையாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2023இல் இங்கே டொரொண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு தாய், கணவர், இங்கே பிறக்கும் மகன். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துபோயிருக்கின்றன, அவற்றை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லிதான் முதல் பாடம். என் மகள் வாங்கித் தந்தாள். வீடியோ விளையாட்டு என்று ஒன்றை நான் தொட்டதே அன்றுதான்.

எனக்கு நெஞ்சில் குத்திய இடம் சமையல் இல்லை. மகனின் பார்வையில் கதை போகும்போது தாய் பேசும் தமிழ் மங்கலாக, வாசிக்க முடியாதபடி தெரியும். முப்பது வருடமாக நான் பேசுகிற தமிழ் என் மகளின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். பக்கத்தில் அவள் இருந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கருணை மதிப்பெண் கூடாது என்கிறீர்களே, ஆகவே மற்றதையும் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சின்னதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் மகன் சிறுவனாக இருக்கிறான், கண்ணை மூடித் திறந்தால் வளர்ந்த ஆள். அந்த இடைவெளியில்தானே தாயும் மகனும் விலகிப் போகிறார்கள்? விலகியதைக் காட்டுகிறார்கள், விலகும் நாட்களைக் காட்டவில்லை. அந்த நாட்களில் பெரிய சண்டை ஒன்றும் இருக்காது. பாடசாலைக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வரும், அவ்வளவுதான். அதை இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்திருக்கலாம்.

சமையலில் பிழை விட்டாலும் ஒன்றும் ஆகாது, திரும்பச் செய் என்று விட்டுவிடும். மனம் நோகாமல் ஆடட்டும் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் புளித்துப்போன மாவுக்கு மறுவாய்ப்பு உண்டா? புட்டு வரும் அத்தியாயத்தில் மட்டும் நான் விளையாட்டோடு சண்டை பிடித்தேன். எங்கள் வீட்டில் பனையோலையால் முடைந்த நீத்துப்பெட்டியில் அவிப்பது வழக்கம். அது அவர்கள் குற்றமில்லை, என் யாழ்ப்பாணத்துப் பிடிவாதம்.

இதற்கு விருதுகளெல்லாம் கிடைத்தபோது மகள் தொலைபேசியில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் பெருமைதான். பெருமைக்காக மதிப்பெண்ணைக் கூட்டவில்லை.

மதுரை

அக்கா சொன்ன பெருமை விஷயம்தான் எனக்கு ராஜி என்ற விளையாட்டை ஆடும்போது வந்த சிக்கல். புணேயைச் சேர்ந்த குழு, 2020. கடத்தப்பட்ட தம்பியைத் தேடிப் போகும் ஒரு கழைக்கூத்தாடிப் பெண். கதையைச் சொல்பவர்கள் துர்க்கையும் விஷ்ணுவும். கோட்டைகள், சல்லடைபோல் துளையிட்ட சன்னல்கள், நிழற்பாவைக் காட்சிகள் என்று கண்ணுக்கு விருந்து. என் அலுவலக நண்பர்கள் அத்தனை பேரிடமும் "நம் நாட்டு விளையாட்டு" என்று காட்டினேன்.

சண்டை மட்டும் மரத்துப்போயிருக்கும். அடித்தால் அடி விழுந்த உணர்வு வராது. காட்சிக்கோணம் மாறாமல் ஒரே பக்கம் நிற்பதால் எங்கே தாவுகிறோம் என்று தெரியாமல் பள்ளத்தில் விழுவேன். முடிவோ, இடைவேளையில் அரங்கை மூடிவிட்டதுபோல். வேறு நாட்டார் செய்திருந்தால் பத்துக்கு ஐந்து போட்டிருப்பேன். ஏழு போட்டேன். இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தூத்துக்குடி

துறைமுகத்தில் சரக்குச் சேதத்தை மதிப்பிடும் வேலை என்னுடையது. கப்பல் வந்ததும் உள்ளே இறங்கி, எது எப்போது எதனால் கெட்டது என்று எழுத வேண்டும். அதே வேலையை விளையாட்டாக ஒருவர் செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு வாங்கியதுதான் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகஸ் போப் செய்தது, 2018.

1802இல் புறப்பட்டுக் காணாமல்போன கப்பல் ஐந்து ஆண்டு கழித்து ஆளில்லாமல் கரைக்குத் திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் ஏறுகிறோம். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், எப்படி முடிந்தார்கள் என்று பேரேட்டில் நிரப்ப வேண்டும். சடலத்தின் அருகே ஒரு கடிகாரத்தைத் திறந்தால் இறந்த கணத்தின் ஓசையும் உறைந்துபோன காட்சியும் கிடைக்கும். அவ்வளவுதான் துப்பு.

வேறெந்த விளையாட்டும் என்னை இப்படி நம்பியதில்லை. தூங்குகிறவனின் முகம் தெரியாது. தூக்குப்படுக்கையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காலணியைப் பார்த்து வைத்துக்கொண்டு, வேறொரு காட்சியில் அதே காலணியைத் தேட வேண்டும். கண்டுபிடித்த இரவு இரண்டு மணிக்கு எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

மூன்று பேரைச் சரியாக நிரப்பினால்தான் "சரி" என்று உறுதி செய்யும். கண்டபடி ஊகிப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இரண்டு பேர் உறுதியாகத் தெரிந்தால் மூன்றாமவனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கடைசி ஏழெட்டுப் பேரை நான் அப்படித்தான் முடித்தேன். அலுவலகத்தில் அப்படி அறிக்கை எழுதினால் வேலை போய்விடும். பார்த்த காட்சியை மறுபடி பார்க்க வேண்டுமானால் சடலம் கிடக்கும் இடத்துக்கே நடக்க வேண்டும் என்பதும் அயர்ச்சி. கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிப் புள்ளியாக வரைந்த படம் அழகுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் என் கண் தாங்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கப்பலில் இந்திய மாலுமிகள் உண்டு. இருவர் கதை சூடுபிடிக்கும் முன்பே நோயில் இறந்துவிடுகிறார்கள். உண்மையில் அப்படித்தான் பல லஸ்கர்கள் (ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகள்) செத்திருப்பார்கள், அதில் குறையில்லை. ஒருவர் பெயர் ரென்ஃப்ரெட் ராஜுப். இத்தனை நுணுக்கமாக முடிச்சுக்கு வகை பார்த்துக் கயிறு வரைந்தவர், இந்தப் பெயரை எந்த ஊரில் வைப்பார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

சென்னை

நான் ஒரு குற்றவாளி. கல்லூரியில் படித்தபோது எ ஷார்ட் ஹைக் என்ற விளையாட்டை வாங்கினேன். ஒரு பறவைச் சிறுமி, கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்க மலை உச்சிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. ஒன்றரை மணி நேரத்தில் ஏறி, உச்சியில் அந்த அழைப்பையும் பேசி முடித்து, சிறகை விரித்துக் கீழே மிதந்து வந்தேன். கண்ணில் நீர்.

பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டேன். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் தந்துவிடுவார்கள். வந்தது. அதில் நண்பனுக்கும் சேர்த்துப் பிரியாணி வாங்கினேன்.

வேலை கிடைத்த முதல் மாதம் மறுபடி வாங்கினேன். இரண்டாம் முறை ஆடியபோதுதான் குறைகள் தெரிந்தன. வரைபடம் கிடையாது, உச்சியில் கிடைத்த உணர்ச்சிக்குப் பிறகு மிச்சமிருக்கும் சில்லறை வேலைகளில் சுவை இல்லை. இருந்தாலும் முன்பு திரும்பக் கேட்டது அந்தக் குறைகளுக்காக இல்லை. முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும். அக்கா வெண்பாவின் நீளத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று நாம் கேட்கும்போது, அந்த இரண்டு மணி நேர எல்லையைத் தாண்டுவதற்காகவே விளையாட்டை இழுப்பவர்களும் இருப்பார்களே என்று சந்தேகம்.

சேலம்

பலாட்ரோ. சீட்டு விளையாட்டு, 2024, ஒரே ஆள். 150 ஜோக்கர்கள். சீட்டை இறக்கும் முன் மொத்தம் எத்தனை புள்ளி வரும் என்று கடைசிவரை சொல்லாது, மனக்கணக்குப் போட வேண்டும். இது குறை என்று என் தம்பி, இதுதான் உயிரே என்று நான். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்றாலே தாத்தா விற்ற இரண்டு ஏக்கர் நிலம்தான் பேச்சுக்கு வரும். இதில் பந்தயமே இல்லை என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது விடிந்துவிட்டது. அவர் பயந்தது பணத்துக்கா, தூக்கத்துக்கா என்று கேட்கவில்லை.

திருவாரூர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாவற்றையும் நண்பருக்கு அனுப்பினேன். "மதுரைக்காரர் ஏழு போட்டது சரி" என்று மட்டும் பதில் வந்தது.

கோவைக்காரரே, நீங்கள் திசைகாட்டியைக் கழற்றியதுபோல் நானும் ஒன்று செய்து பார்க்கிறேன். புதிதாக ஒரு பண்ணை தொடங்கி, ஒரே பயிரை ஒரு பருவத்தில் நூறுக்கு மேல் விற்பதில்லை என்று அப்பா விதித்த சட்டத்தோடு ஆடுகிறேன். இரண்டாம் ஆண்டிலும் பதற்றம் இருக்கிறது. கணக்கை அவரே ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். இப்போது திரையில் இரவு பத்து மணி, நாளை மழை என்று அறிவிப்பு. வெளியிலும் இடிக்கிறது. மின்சாரம் போவதற்குள் என் பண்ணைக்காரனைக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டு வருகிறேன்.