நான்டஹேலா மலைக்காட்டில் வான்கோழி வேட்டை: தெரியாத இடத்தில் எங்கே தொடங்குவது?

பீட்மான்ட்_பாண்டி:

வட கரோலினாவின் மேற்கு மலைப் பக்கம், நான்டஹேலா தேசிய வனத்துக்கு ஏப்ரல் கடைசி வாரம் வான்கோழி வேட்டைக்குப் போகலாம்னு திட்டம். இதுவரை சமவெளிப் பண்ணை நிலத்தில்தான் பழக்கம். அங்கே வயல் ஓரத்தில் டெக்காய் (பொம்மைப் பறவை) நட்டு உட்கார்ந்தால் போதும். மலையில் வயலும் கிடையாது, இடமும் தெரியாது. முன்கூட்டியே போய்ப் பார்க்க ஒரு பகல்தான் கிடைக்கும்.

வரைபடத்தில் எதைத் தேடணும்? சேவல் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கூவினால் அங்கே போகணுமா, இருந்த இடத்திலிருந்தே பெட்டைக் குரல் கொடுத்து அழைக்கணுமா? 12 கேஜ் ஷாட்கன், 5ஆம் நம்பர் ஈய ரவை, ஃபுல் சோக் (ரவை சிதறாமல் குழல் வாயை நெருக்குற துண்டு) போதுமா? கூட வரும் நண்பர் எச்1பி வேலை விசாவில் இருக்கார், அவர் துப்பாக்கி எடுக்கலாமா?

---

முகட்டுக்காரன்:

பாண்டி, 5 லட்சம் ஏக்கருக்கு மேலன்னு கேட்டு மிரள வேண்டாம். அதில் நிறைய இடம் செங்குத்துச் சரிவு, இல்லைன்னா ரோடோடெண்ட்ரான் புதர். வான்கோழிக்கு ரெண்டும் ஆகாது. முதல் வேலை கழிக்கிறதுதான். கால்டோப்போ வரைபடத் தளத்தில் சரிவுக் கோண நிழலைப் போட்டு 30 டிகிரிக்கு மேல் இருக்கிறதை ஒதுக்குங்க. மிச்சத்தில் 40 அடிக்கு ஒண்ணா வர்ற உயரக் கோடுகள் நெருக்கமா வந்து திடீர்னு விலகுற இடத்தைப் பாருங்க. சரிவுக்கு நடுவில் திண்ணை மாதிரி ஒரு சமதளம் அங்கே இருக்கும். சேவல் தோகை விரிச்சு நடக்கத் தட்டையான தரை வேணும், மலையில் அது கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். திண்ணை, முகட்டுத் தாழ்வு, புல் முளைச்ச பழைய மரம்வெட்டுப் பாதை, வனத்துறை விதைச்சு வெச்ச புல்வெளி, அண்மையில் கட்டுப்படுத்தி எரிச்ச ஓக் காடு, இவ்வளவுதான் உங்க பட்டியல். இதில் மூணு அம்சமாவது ஒரே முகட்டில் சேர்ந்திருக்கிற நாலைந்து இடத்தைக் குறிச்சுக்கங்க.

அந்த ஒரு பகலில் காடு முழுக்கச் சுத்தாதீங்க. கேட் போட்டு வண்டி மறிச்ச வனத்துறைச் சாலையில் நடந்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். நம்ம ஊர்க் கோழி சீய்க்கிற அதே வேலைதான், அளவு மட்டும் பெரிசு: சருகு பின்பக்கம் குவிஞ்சு, ஈர மண் தெரியும். குவியலுக்கு எதிர்த்திசையில் கூட்டம் போயிருக்கு. மண் காய்ஞ்சு வெளுத்திருந்தால் பழைய தடம். எச்சம் ஜே எழுத்து மாதிரி நீளமா வளைஞ்சிருந்தால் சேவல், உருண்டையா சுருண்டிருந்தால் பெட்டை. சாலைப் புழுதியில் கால்தடத்துக்கு ரெண்டு பக்கமும் மெல்லிய கோடு இழுத்த மாதிரி இருந்தால் அது இறக்கை நுனி உரசினது. அந்த இடத்தை விடாதீங்க.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். இறங்காதீங்க! மலையில் புதுசா வர்றவங்க தோற்கிறது இங்கேதான். கூவல் கேட்டதும் நேர்க்கோட்டில் கிளம்பி, 600 அடி இறங்கி ஓடையைத் தாண்டி மறுபடி ஏறுறதுக்குள்ளே பறவை மரத்தைவிட்டு இறங்கிப் பெட்டைகளோட போயிருக்கும். இருந்த இடத்திலிருந்து அழைச்சாலும் பலன் குறைவு. பள்ளமோ ஓடையோ குறுக்கே இருந்தால் சேவல் அந்தக் கரையிலேயே நின்னு கூவிட்டிருக்கும், கடந்து வர யோசிக்கும். பள்ளத்தாக்கின் தலைப்பகுதி வழியா முகட்டிலேயே சுத்திப் போய், அது இருக்கிற அதே உயரத்திலோ சற்று மேலேயோ உட்காருங்க. மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சுலபமா வரும். கீழ்நோக்கிக் கூப்பிடுறது ரொம்பக் கஷ்டம்.

அதனால் இருட்டிலேயே முகட்டில் இருக்கணும். ஏப்ரல் கடைசியில் அங்கே சூரிய உதயம் ஏறத்தாழ 6.45. முதல் கூவல் அதுக்கு அரைமணி, முக்கால் மணி முன்னாடியே வரும். ரெண்டு மூணு பள்ளத்தாக்குகளின் சத்தம் ஒருசேரக் கேட்கிற முனையில் நில்லுங்க. சேவல் கூவாமல் சும்மா இருந்தால் ஆந்தைக் குரல் ஒருமுறை கொடுத்துப் பாருங்க, பதிலுக்குக் கூவலாம். உட்கார இடம் பார்க்காமல் பெட்டைக் குரல் மட்டும் கொடுக்கவே கூடாது, அடுத்த நிமிஷம் பக்கத்திலிருந்து பதில் வந்தால் நடுப்பாதையில் மாட்டிக்குவீங்க.

இன்னொண்ணு, தளிர். மலையில் நூறு அடி ஏற ஏற வசந்தம் ஏறக்குறைய ஒரு நாள் பிந்தும். 2,000 அடியில் இலை மூடியிருக்கும்போது 4,500 அடியில் காடு மொட்டையா நிற்கும். கீழே இலை சத்தத்தை விழுங்குறதால், தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும் சேவல் 150 கஜத்திலேயே இருக்கலாம். மேலே நேர்மாறு: மொட்டைக் காட்டில் சத்தம் தெளிவா வர்றதால் பக்கத்தில்னு ஏமாத்தும், அதோட உங்க அசைவு அதுக்குத் தெரிஞ்சுடும்.

---

சட்டப்புள்ளி:

விசா கேள்விக்கு மட்டும். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் 922ஆம் பிரிவு தடை போடுது. அதே பிரிவில் விதிவிலக்கும் இருக்கு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருக்கணும். காலாவதியானால் விதிவிலக்கும் போச்சு, அதனால் தேதியைப் பார்த்துக்கச் சொல்லுங்க. இரவல் துப்பாக்கிக்கும் இதே விதிதான். வட கரோலினாவில் முதல் உரிமம் எடுக்க வேட்டைக் கல்விப் பயிற்சிச் சான்றிதழ் வேணும்.

மாநில விதிகள்: சீசன் ஏப்ரல் ரெண்டாம் சனிக்கிழமை தொடங்கி நாலு வாரம். சேவல் அல்லது மார்பில் தாடி உள்ள பறவை மட்டும், ஒருத்தருக்கு சீசனுக்கு 2. ஷாட்கன் அல்லது வில். மின்னணு அழைப்பான், தீவனம் ரெண்டும் கூடாது. ஞாயிறு அனுமதி கேம் லேண்டுக்கு (பொது வேட்டை நிலம்) கேம் லேண்ட் மாறும், அந்த இடத்துக்கான விதியைத் தனியாப் பாருங்க. எல்லையிலும் கவனம்: ஃபோன்டானா ஏரியின் வடகரை கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்கா, அங்கே வேட்டையே கிடையாது. செரோக்கி பழங்குடியினரின் குவாலா நிலத்துக்குத் தனி விதி. மலையில் செல்போன் சிக்னல் பல இடத்தில் கிடைக்காது, எல்லைக் கோடு உள்ள வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வெச்சுக்கங்க.

---

ரவை_ராஜா:

5ஆம் நம்பர் ஈயம் போதும். ஆனால் "போதும்"னு சொல்லவேண்டியது நீங்க சுட்டுப் பார்க்கிற அட்டைப்பலகைதான், நான் இல்லை. 40 கஜத்தில் 10 அங்குல வட்டம் வரைஞ்சு சுடுங்க. வட்டத்துக்குள் 100 ரவை விழுந்தால் அந்தத் துப்பாக்கிக்கு 40 கஜம் எல்லை. 70தான் விழுதுன்னா 30, 35 கஜத்துக்கு வந்து மறுபடி எண்ணுங்க. டங்ஸ்டன் 9ஆம் நம்பர் ரவை இன்னும் நெருக்கமா அடிக்கும், விலைதான் வயித்தைக் கலக்கும். 15, 20 கஜத்திலும் ஒருமுறை சுட்டுப் பாருங்க. அந்தத் தூரத்தில் ரவைக் கொத்து ரொம்பச் சின்னதா இருக்கும், கழுத்து அசைஞ்சால் முழுசாத் தப்பும்.

மலையில் தூரம் கண்ணுக்குப் பிடிபடாது. உட்கார்ந்ததும் ரேஞ்ச்ஃபைண்டரில் (தூரம் அளக்கும் கருவி) 40 கஜ மரங்களைக் குறிச்சுக்கங்க. வலக்கைக்காரர்னா இடது தோள் பறவை வரும் திசையைப் பார்க்கணும். சரிவில் இப்படி உட்கார்ந்தால்தான் துப்பாக்கி ரெண்டு பக்கமும் திரும்பும்.

உட்கார்கிற இடம் பத்தி முகட்டுக்காரன் சொல்லாமல் விட்டது: நீளமான திறந்த முகட்டில் உட்காராதீங்க. சேவல் 80 கஜத்தில் நின்னு எட்டிப் பார்க்கும், சத்தம் வந்த இடத்தில் பெட்டை இல்லைன்னா அங்கேயே நின்னுடும். பாதை வளையுற இடம், மேடு முறியுற விளிம்பு, இதுக்கு 30 கஜம் பின்னாடி உட்காருங்க. பறவை கண்ணில் படுற நொடியே அது சுடும் தூரத்தில் இருக்கணும்.

பொது நிலத்தில் டெக்காய் வேண்டாம்னு சொல்வேன், சேவல் டெக்காய் கண்டிப்பா வேண்டாம், வேற வேட்டைக்காரர் நிஜப் பறவைன்னு நினைச்சுச் சுட்டுடலாம். விளிம்புக்குப் பின்னால் உட்கார்ந்தால் தேவையும் இல்லை.

---

முகட்டுக்காரன்:

டெக்காயில் எனக்குப் பாதி உடன்பாடுதான். மரம்வெட்டுப் பாதையில் தனிப் பெட்டை டெக்காய் ஒண்ணு, 20 கஜத்தில், பலன் தரும். பையில் மூடியே தூக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான். சேவலின் விசிறித் தோகையை முன்னால் மறைப்பாப் பிடிச்சுப் பறவையை நோக்கித் தவழ்ந்து போற வேலையைப் பொது நிலத்தில் யாரும் செய்யக்கூடாது, அதில் ரெண்டு கருத்து இல்லை.

---

பீட்மான்ட்_பாண்டி:

ரொம்ப நன்றி. விடியலில் கூவிட்டு எட்டு மணிக்கு மேல் காடே அமைதியாயிட்டா என்ன செய்றது? மழை, காற்று இருந்தால்?

---

ஓடைக்கரை:

தம்பி, எட்டு மணிக்குக் காருக்குப் போறவங்கதான் அதிகம். ஒன்பதரைக்கு மேல் பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்குப் போயிடும், தனிச்ச சேவல் பதில் சொல்ல ஆரம்பிக்கும். வட கரோலினாவில் சூரியன் மறையும் வரை நேரம் இருக்கு. முகட்டோட மெதுவா நடந்து, ஒவ்வொரு வளைவிலும் முதலில் சாய மரம் பார்த்துட்டு, பாக்ஸ் காலில் (உரசிப் பெட்டைக் குரல் எழுப்புற மரப்பெட்டி) கொஞ்சம் உரக்க ஒரு தொடர் கொடுத்துப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் காத்திருங்க. பதில் இல்லாமலே சத்தமில்லாமல் நடந்து வர்ற சேவலும் உண்டு, சருகுச் சத்தத்தைக் கேளுங்க. அதுக்கு மோப்பம் கிடையாதுன்னே வெச்சுக்கலாம், காற்றுத் திசையைப் பத்திக் கவலை வேண்டாம். கண்தான் எமன்.

பலத்த காற்றில் முகட்டை விட்டுக் காற்று மறைவான சரிவுக்கு இறங்குங்க. தூறலில் புல்வெளி ஓரமும் சாலையும். காட்டில் சொட்டுச் சத்தத்தில் எதிரி வர்றது கேட்காதுன்னு பறவை திறந்தவெளிக்கு வந்துடும்.

பாதுகாப்பு: சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கேயும் தெரியக்கூடாது, சேவல் தலை நிறம் அதுதான். கைக்குட்டை, சாக்ஸ் உட்பட. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்ங்க. வேற வேட்டைக்காரர் வந்தால் கையை ஆட்டாதீங்க, அசையாமல் வாய்விட்டுச் சத்தமா கூப்பிடுங்க. உண்ணிக்கு 0.5% பெர்மெத்ரின் பூச்சிமருந்தை முந்தின நாளே துணியில் அடிச்சுக் காயவிடணும், தோலில் படக்கூடாது. அங்கே லோன் ஸ்டார் உண்ணி கடிச்சால் ஆட்டுக்கறியே ஒத்துக்காமல் போகலாம்.

சுட்டதும் துப்பாக்கி சேஃப்டியைப் போட்டுட்டு உடனே போய்ப் பிடிங்க. சரிவில் துடிச்சு உருண்டால் லாரல் புதருக்குள் போயிடும், அப்புறம் தேடியே மாளாது. குதிமுள் கிழிக்கும், கால்களைச் சேர்த்துப் பிடிக்கணும். நகர்த்தும் முன் ஹார்வெஸ்ட் ரிப்போர்ட் கார்டில் (வேட்டைப் பதிவு அட்டை) பதிவு செய்யுங்க. ஏப்ரல் மத்தியான வெயிலில் குடலைச் சீக்கிரம் எடுத்துடணும். தூக்கி வரும்போது பறவையை ஆரஞ்சுத் துணியில் முழுசாச் சுத்தி, வாலும் இறக்கையும் வெளியே தொங்காமல் கட்டுங்க.