மேற்குச் சகாராவின் பாஸ்பேட்டை வாங்குவது முறையா?

கேள்வி: உரக்கடைக்காரர், அம்பாசமுத்திரம்

பிசான சாகுபடிக்கு அணை திறந்ததும் எங்கள் கடையில் டிஏபி உர மூட்டைக்கு வரிசை நிற்கும். அதற்கு வேண்டிய பாஸ்பேட்டுக்கு இந்தியா பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. விற்கும் நாடுகளில் மொராக்கோவும் ஒன்று. 1975-76இல் ஸ்பெயின் வெளியேறியபோது மொராக்கோ கைப்பற்றிய, வடமேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மேற்குச் சகாராவில், மொராக்கோ அரசு நிறுவனமான ஓசிபி, பூக்ரா என்னும் இடத்தில் பாஸ்பேட் பாறையைத் தோண்டி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள கன்வேயர் பெல்ட் வழியே கடற்கரைக்கு அனுப்பி விற்கிறது என்று அண்மையில் படித்தேன். அன்று முதல் மனம் ஒப்பவில்லை. பிடித்து வைத்திருக்கும் மண்ணில் இப்படித் தொழில் நடத்துவது சட்டப்படி சரியா? அங்குள்ளவர்களுக்கு வேலை கிடைக்கிறது என்ற வாதம் செல்லுமா?

பதில்: வழக்கறிஞர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, வேலை கிடைக்கிறது என்பது மட்டும் போதாது. ஐ.நா.வின் சட்டப் பிரிவுத் தலைவராக இருந்த ஹான்ஸ் கொரெல், எண்ணெய்த் தேடல் ஒப்பந்தங்கள் குறித்து 2002இல் பாதுகாப்பு அவைக்கு அளித்த கருத்துரையில், மேற்குச் சகாரா மக்களின் நலனையும் விருப்பத்தையும் புறக்கணித்து வளங்களை எடுப்பது சர்வதேசச் சட்டத்துக்கு மாறானது என்றார். விருப்பம் என்ற சொல்தான் இங்கே முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் மொராக்கோவுடன் செய்த வேளாண், மீன்பிடி ஒப்பந்தங்கள் பற்றிய வழக்கில், 4.10.2024 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், இன்று அங்கே குடியிருப்போரைக் கலந்துகொண்டதை மேற்குச் சகாரா மக்களின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அம்மக்களில் பெருந்தொகையினர் அகதிகளாக வெளியே இருக்கிறார்களே! இத்தீர்ப்பு இந்திய வணிகரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாங்குபவருக்கு ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். 2017இல் மேற்குச் சகாராவிலிருந்து நியூசிலாந்துக்குச் சென்ற ஒரு கப்பல் ஏறத்தாழ 50,000 டன் பாஸ்பேட்டுடன் தென்னாப்பிரிக்காவில் நிறுத்தப்பட்டது. அச்சரக்கு, மேற்குச் சகாராவின் விடுதலை இயக்கம் அறிவித்த சகாராவி குடியரசுக்கே உரியது என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் மறு ஆண்டு தீர்ப்பளித்தது.

பதில்: விவசாயி, சேரன்மகாதேவி

இந்தப் பாரத்தை விவசாயியின் தலையில் ஏற்ற வேண்டாம். நாற்று நட்டவன் உரத்துக்காகக் காத்திருக்க முடியாது, பயிரும் காத்திராது. கேட்க வேண்டியது இறக்குமதி செய்யும் நிறுவனத்தைத்தான்.

பதில்: துறைமுக ஏஜென்ட், தூத்துக்குடி

மேலே விவசாயி கூறியதே சரி. கேட்பதற்கு வழியும் இருக்கிறது. பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பல் சரக்கு ரசீதில் சரக்கு ஏற்றிய துறைமுகம் குறிக்கப்பட்டிருக்கும். காசாபிளாங்கா, ஜோர்ஃப் லாஸ்ஃபர் ஆகியவை மொராக்கோவுக்குள்ளேயே உள்ளவை. எல் ஆயூன் என்றிருந்தால் அது மேற்குச் சகாரா. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊரிலிருந்து எழுதுகிறேன்; எவருடைய கடற்கரையில் எவர் சரக்கேற்றுகிறார் என்று கேட்பது எங்களுக்குப் புதிதன்று.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. எனக்கு டிஏபி அனுப்பும் நிறுவனத்துக்கு, பாறை ஏற்றிய துறைமுகத்தின் பெயரைக் கேட்டு இந்த வாரமே கடிதம் எழுதுகிறேன். மறுமொழி வந்ததும் அதை இங்கேயே பதிவிடுவேன்.